கேரவன் கூரையில் சோலார்: எந்த கன்ட்ரோலர் வாங்குவது?

கேள்வி: பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் படுக்கை, சிறிய ஃபிரிட்ஜ், மின்விசிறி வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். 2020 மே மாதம் ஆம்பன் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்த பிறகு, மாடியில் 330 வாட் பேனல் ஒன்று போட்டோம். அதைத்தான் இப்போது வண்டிக் கூரையில் பொருத்தியிருக்கிறோம். பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர். எஸ்ரா தெருக் கடைக்காரர் 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரே போதும் என்கிறார். நண்பரோ பல மடங்கு விலையுள்ள எம்பிபிடி வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? குளிர்காலத்தில் டார்ஜிலிங் போகவும், பிறகு லித்தியம் பேட்டரிக்கு மாறவும் எண்ணம்.
— ஒரு வாசகர், பவானிபூர், கொல்கத்தா

பதில்: நண்பர் சொல்வதே சரி. அதற்காகக் கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். சுந்தரவனத்துத் தீவுகளில் வீட்டு விளக்குக்காகப் போட்ட சிறிய பேனல்கள் 36 செல் வகை. சுமார் 18 வோல்ட்டில் வேலை செய்பவை. 12 வோல்ட் பேட்டரிக்கு அவை பொருத்தம் என்பதால், பிடபிள்யூஎம் அங்கே நன்றாகவே உழைத்தது. உங்கள் பேனல் அந்த வகை அல்ல.

மாடிக்கு வரும் 330 வாட் பேனல் பெரும்பாலும் 72 செல் கொண்டது. ஏறத்தாழ 37 வோல்ட், 9 ஆம்பியர் தரும். பின்பக்க லேபிளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிடபிள்யூஎம் என்பது பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்து விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்தான். பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆம்பியரோ அதே 9. பெருக்கிப் பாருங்கள், 117 வாட். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு கூரையிலேயே வீணாகிறது. எம்பிபிடி, மிகுந்த வோல்டேஜைக் குறைத்து அதை ஆம்பியராக மாற்றித் தரும். நல்ல வெயிலில் 20 ஆம்பியருக்கு மேலேயே பேட்டரிக்குப் போகும்.

ஆகவே 30 ஆம்பியர் எம்பிபிடி வாங்குங்கள். ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சுமை இல்லாதபோது உங்கள் பேனல் சுமார் 46 வோல்ட் காட்டும். குளிரில் அது இன்னும் ஏறும்; டார்ஜிலிங் காலைக் குளிரில் 50 வோல்ட்டைத் தொடலாம். 50 வோல்ட் வரைதான் தாங்கும் கன்ட்ரோலர் கொல்கத்தாவில் ஒழுங்காக ஓடிவிட்டு மலையில் போய்ச் சாகும். 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதுதான் எனக்குப் பெரிய கவலை. எம்பிபிடி என்று அட்டையில் அச்சடித்து, உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பது சந்தையில் மலிந்துவிட்டது. கண்டுபிடிப்பது எளிது. பேட்டரி முழுதாக நிரம்பாத நேரத்தில், நல்ல வெயிலில், கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எம்பிபிடி. 13, 14 என்று பேட்டரியின் அளவையே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போதே இந்தச் சோதனைக்குக் கடைக்காரரிடம் சம்மதம் கேட்டு வையுங்கள்.

டியூபுலர் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் சுமார் 14.4 வோல்ட், அதன்பின் ஃப்ளோட் 13.5 அளவில். பேட்டரியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள். வெப்பநிலை சென்சார் ஒயர் உள்ள மாடலாக இருந்தால், மே மாத வெக்கையில் வோல்டேஜைக் குறைத்தும் மலைக்குளிரில் கூட்டியும் கொடுக்கும். சார்ஜ் ஆம்பியரை 20-க்குள் கட்டுப்படுத்த வசதி இருந்தால் பேட்டரி நீண்டநாள் உழைக்கும். படுக்கும் அறைக்குள் டியூபுலரைத் திறந்தபடி வைக்கவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும்; மூடிய பெட்டியில் வைத்து, அதிலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் விடுங்கள்.

லித்தியத்துக்குத் தாராளமாக மாறலாம். இதே கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். மாறியதும் ஈக்வலைஸ், வெப்பநிலைத் திருத்தம் இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது.

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகில், காற்றோட்டமாகப் பொருத்துங்கள். பேட்டரியின் ப்ளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். இன்வெர்ட்டரை கன்ட்ரோலரின் லோடு முனையில் கொடுக்காமல், தனி ஃபியூஸோடு நேரே பேட்டரியில் இணையுங்கள். பவானிபூர்ச் சந்துகளில் வெயில் விழும் நேரமே குறைவு என்பதால், பயணத்துக்கு முந்தைய ஓரிரு நாள் வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. இதை ஒரு தாளில் எழுதி கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.