காலதர்

நுழையும்முன்

வெயிலையும் மழையையும் தடுத்தால் போதும் என்றிருந்த வீடு, இன்று இரைச்சலையும் தடுக்க வேண்டியிருக்கிறது. வெப்பமும் ஒலியும் ஒரே சுவரைத்தான் தாக்குகின்றன. ஆயினும் அவை உள்ளே வரும் வழிகள் வெவ்வேறானவை. ஒன்றை நிறுத்தும் பொருள் மற்றொன்றைத் தாராளமாக உள்ளே விடுவதும் உண்டு. நம் வீடுகளை முன்வைத்து அவ்வழிகளை ஆராய்கிறது இவ்வுரைநடை.

சொல்லில் வாழும் வீடு

சாளரத்தைக் குறிக்கப் பழந்தமிழில் ‘காலதர்’ என்னும் சொல் வழங்கியது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆள்கிறது. வேனிற்காலத்தில் உறங்கும் இடத்தை ‘வேனிற்பள்ளி’ என்றும், குளிர்காலத்தில் உறங்கும் இடத்தைக் ‘கூதிர்ப்பள்ளி’ என்றும் பிரித்துப் பெயரிட்ட சமூகம் நம்முடையது. கூதிர்ப்பள்ளியின் சிறு சாளரத்திற்குக் ‘குறுங்கண்’ என்று பெயர். பருவத்திற்கு ஏற்ப இடம் மாறி உறங்குவதும், திறப்பின் அளவை மாற்றுவதும் செல்வர் மனைகளிலாவது வழக்கமாக இருந்தன என்பதற்கு இச்சொற்களே சான்று.

காற்றின் வழியாகத் திறந்து வைத்த அதே சாளரம் இன்று பேருந்தின் ஒலிப்பானுக்கும் ஒலிபெருக்கிக்கும் வழியாகிவிட்டது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சாலையோரத்து அடுக்ககத்தின் மேல்மாடியில் அவருடைய அறை இருக்கிறது. சாளரத்தைத் திறந்தால் இரைச்சல், மூடினால் புழுக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் ஒவ்வோர் இரவும் அவர் இருக்கிறார். இந்த நெருக்கடியிலிருந்து விடுபட, வெப்பமும் ஒலியும் எவ்வாறு பயணம் செய்கின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

கூரை வழியே இறங்கும் கோடை

தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும், நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். ஆகவே கோடையில் வீட்டின் எந்தச் சுவரையும்விட மொட்டைமாடியே மிகுதியான வெயிலை வாங்குகிறது. அடுத்த நிலையில் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் நிற்கின்றன. தெற்குச் சுவர் கோடையில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

கான்கிரீட் தளம் நண்பகல் வெப்பத்தை வாங்கி மெல்ல மெல்லக் கீழே கடத்துகிறது. அந்த வெப்பம் அறையின் உட்கூரையை அடையச் சில மணி நேரம் ஆகும். வெயில் தாழ்ந்தபின்னும் மின்விசிறி அனல்காற்றை வீசுவதற்குக் காரணம் இதுவே. வெளியே குளிர்ந்திருந்தாலும் தலைக்குமேல் இருக்கும் தளம் சூடான அடுப்புக்கல்லைப் போலக் கதிர்வீசிக்கொண்டிருக்கும்.

இதற்கான தீர்வு மூன்று வகைப்படும்: வெயிலைத் திருப்பி அனுப்புதல், தளத்தில் படாமல் நிழல் செய்தல், பட்ட வெப்பம் இறங்காமல் நடுவே தடை வைத்தல். முதலாவது மிக மலிவானது. மொட்டைமாடிக்கு அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு, அழுக்கேறாத வரையில், தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கும் மேற்பட்டதைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது, தென்னங்கீற்றுப் பந்தலும் அவரைக்கொடியும் செய்யும் வேலை.

மூன்றாவது சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று மிகச்சிறந்த வெப்பத்தடை. கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட அது கடத்துவதில்லை. கம்பளி, பஞ்சு, தெர்மாகோல், வைக்கோல் எனக் குளிரையும் சூட்டையும் தடுக்கும் பொருள்கள் எல்லாம் உண்மையில் காற்றைச் சிறைப்பிடிக்கும் கூடுகளே. மொட்டைமாடியில் மண்கலயங்களை நெருக்கமாகக் கவிழ்த்து, இடைவெளிகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்பி, அதன்மேல் தட்டோடு பதிக்கும் முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. கலயத்திற்குள் இருக்கும் காற்று செலவில்லாத வெப்பக்காப்பு.

‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பெயர்பெற்ற பழைய தளமும் கருதத் தக்கது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வரிசையாக அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான படுகையை இட்டுத் தட்டி இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பதும் உண்டு. தடித்த இத்தளம் வெப்பத்தை நீண்ட நேரம் தன்னுள் தேக்கி வைக்கும். அது உள்ளே இறங்கும் வேளையில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். சாளரத்தைத் திறந்துவிட்டால் போதும். இம்முறை முழுவதும் இரவில் சாளரம் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது என்பதை மறக்கலாகாது.

வெப்பக்காப்பை எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகின்றனர். அறையின் உட்கூரையில் தெர்மாகோல் ஒட்டுவதைவிடத் தளத்தின் மேற்புறத்தில் காப்பு அமைப்பதே நம் தட்பவெப்பத்திற்கு ஏற்றது. மேலே காப்பு இருந்தால் தளமே சூடாகாது. கீழே ஒட்டினால் தளம் சூடேறிய பிறகுதான் தடை தொடங்குகிறது.

சிறு துளையும் பெரும் சுவரும்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது சுவரில் மோதும்போது சுவரையும் சற்றே அதிரச் செய்கிறது. சுவரின் மறுபக்கம் அந்த அதிர்வை மீண்டும் காற்றுக்குக் கொடுக்கிறது. எனவே அசைக்கக் கடினமான, எடைமிக்க சுவரே ஒலியை நன்கு தடுக்கும். தெர்மாகோலுக்கு எடை இல்லை. வெப்பத்தைத் தடுப்பதில் வல்லதான அது ஒலியின்முன் தோற்றுப்போகிறது. மாறாகக் கனத்த இரும்புத் தகடு ஒலியை எதிர்த்து நிற்கும். வெப்பத்தையோ நொடியில் கடத்திவிடும். இசைக்கூடம் அமைப்போர் சிலர் சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டுவதைக் காணலாம். எடையற்ற அந்த அட்டை அண்டை வீட்டாருக்கு எந்த நன்மையும் செய்வதில்லை.

ஒலியளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். இந்த அளவுகோல் பெருக்கல் முறையில் ஏறுவது. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 50 கூடினால் 1,00,000 மடங்கு. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் ஒலியைத் தடுக்கும். அதாவது, தன்மேல் விழும் ஒலியில் இலட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும்.

அச்சுவர் பத்தடி நீளமும் பத்தடி உயரமும் உடையது என்க. பரப்பு 100 சதுர அடி. அதில் சாளர இடுக்கு, கதவின் அடிப்புறம், குழாய் செல்லும் துளை எல்லாம் சேர்ந்து ஒரு சதுர அடி திறந்திருந்தால் என்ன ஆகும்? திறப்பு தன்மேல் விழும் ஒலி முழுவதையும் உள்ளே விட்டுவிடும். அறைக்குள் வருவது நூற்றில் ஒரு பங்கு. 50 டெசிபல் தடுத்த சுவர் இப்போது 20 டெசிபல்தான் தடுக்கிறது. சாலையில் 75 டெசிபல் இரைச்சல் இருந்தால், முழுமையான சுவருக்குப் பின்னால் 25 டெசிபல் என்னும் அமைதி கிடைத்திருக்கும். இடுக்குள்ள சுவருக்குப் பின்னால் 55. ஏறக்குறைய ஒருவர் அருகில் அமர்ந்து ஓயாமல் பேசுவதற்கு நிகர்.

சுவரைத் தடிப்பாக்கிப் பயன் பெறலாம் என்று எண்ணலாம். சுவரின் எடையை இருமடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 5 அல்லது 6 டெசிபல்தான். அதற்காகும் செலவில் சிறு பகுதியைக் கொண்டு சாளரச் சட்டத்தின் விளிம்பில் இரப்பர்ப் பட்டையும் கதவின் கீழே தடுப்பும் பொருத்தினால் அதைவிடப் பன்மடங்கு நன்மை கிட்டும். கண்ணாடியும் அப்படியே. ஒட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்திய இரு கண்ணாடிகள், ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால், இன்னும் நன்று. ஒரே தடிப்புடைய இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் தளர்ந்துவிடும். வெவ்வேறு தடிப்புடையவை ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ இங்கு நினைவுக்கு வருகிறது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். ஆனால் சுவரின் எடை குறைவதால், ஒலித்தடையிலும் அதே அளவு நன்மையை எதிர்பார்க்க இயலாது. தோட்டத்து வீட்டுக்குப் பொருத்தமான சுவர் நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்கும் பொருந்தும் என்று கொள்வது சரியன்று.

அடுக்ககங்களில் வேறொரு தொல்லையும் உண்டு. மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும் ஒலியும் கிரைண்டரின் அதிர்வும் காற்றின் வழி வருவன அல்ல. தளத்தையே தட்டி எழுப்பி வருவன. கீழ்வீட்டார் தம் கூரையில் எதை ஒட்டினாலும் பயன் மிகச் சிறிதே. தட்டும் இடத்தில்தான் மருந்து வேண்டும். நாற்காலிக் காலுக்கு இரப்பர்க் குப்பி, கிரைண்டருக்கு அடியில் தடித்த இரப்பர் விரிப்பு, நடைபாதையில் கயிற்றுப்பாய் ஆகியவை மேல்வீட்டார் செய்ய வேண்டியவை. கீழ்வீட்டாரின் உறக்கம் மேல்வீட்டாரின் கையில் இருக்கிறது.

> தெரிந்து தெளிவோம்
>
> இந்திய அரசின் ஒலிமாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. அமைதி மண்டலங்களில் அவ்வரம்பு முறையே 50, 40 டெசிபல். இங்குப் பகல் என்பது காலை 6 மணிமுதல் இரவு 10 மணிவரை.

மெத்தை செய்த ஆய்வு

ஒலியைத் தடுப்பது வேறு; ஒலியை உட்கவர்வது வேறு. இந்த இரண்டாவது பணிக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் கிளமென்ட் சபைன். 1895ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகச் சொற்பொழிவு அரங்கில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒருவர் சொன்ன சொல் ஏறத்தாழ ஐந்தரை நொடிகள் அரங்கில் எதிர்முழக்கமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் ஏறி விழுந்தன. அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது.

ஊர் அடங்கிய இரவுகளில், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை எடுத்துவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அவர் கணக்கிட்டார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கனஅளவுக்கும், உட்கவரும் பொருளின் அளவுக்கும், எதிர்முழக்க நேரத்திற்கும் உள்ள தொடர்பை இவ்வாறு கண்டறிந்தார். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கம் அவருடைய கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்டது.

நுண்துளைகள் நிறைந்த மெத்தை, திரைச்சீலை, ஜமக்காளம், தேங்காய் நார்ப்பலகை ஆகியவற்றுக்குள் புகும் ஒலி இழைகளில் உராய்ந்து சிறிதளவு வெப்பமாகி மறைகிறது. அறைக்குள் எழும் எதிர்முழக்கம் அடங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சலை இவை பெரிதாகத் தடுப்பதில்லை. தட்டோடும் கண்ணாடியுமாய் வெறுமையாக இருக்கும் நம் வகுப்பறைகளுக்கு இவை மிகவும் தேவை; கடைசி வரிசைக்குச் சொல் தெளிவாய்ச் செல்லும்.

இருப்புப்பாதையோரப் பள்ளி

இரைச்சல் படிப்பைக் கெடுக்கும் என்பதை அளந்து காட்டியவர் உளவியல் அறிஞர் ஆர்லின் பிரான்சாஃப்ட். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதையை ஒட்டி, 98ஆம் எண் பொதுப்பள்ளி இருந்தது. ஏறத்தாழ நான்கரை நிமிடத்திற்கு ஒருமுறை தொடர்வண்டி கடக்கும். அப்போதெல்லாம் ஆசிரியர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். ஒரே கட்டடத்தின் மறுபுறத்து வகுப்புகளில் அத்தொல்லை இல்லை.

இருபுறத்து மாணவர்களின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு, 1975இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. இருப்புப்பாதைப் பக்கத்து மாணவர்கள் பின்தங்கியிருந்தனர்; ஆறாம் வகுப்பை அடைந்தபோது அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பளவு ஆகியிருந்தது. பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் இரப்பர் அடுக்குகள் வைக்கப்பட்டன. இரைச்சல் மிகுந்த வகுப்பறைகளில் ஒலியை உட்கவரும் கூரை அமைக்கப்பட்டது. 1981இல் வெளிவந்த மறு ஆய்வில் இருபுறத்து மாணவர்களும் ஒரே நிலையில் இருந்தனர். அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று எவரேனும் எண்ணியிருக்கக்கூடிய மாணவர்களிடம் இருந்த குறை உண்மையில் சுவரிலும் தண்டவாளத்திலும் இருந்தது.

முற்றம் சொல்லும் விடை

காற்று வேண்டும், ஒலி வேண்டா. இதற்குச் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பில் ஒரு விடை உண்டு. அவ்வீட்டின் அறைகள் தெருவை நோக்கித் திறப்பதைவிட நடுவிலுள்ள முற்றத்தை நோக்கியே மிகுதியும் திறக்கின்றன. முற்றத்தின் சூடான காற்று மேலெழ, அறைகளின் வழியே காற்றோட்டம் நிகழ்கிறது. தெருவின் ஒலியோ கூரையேறி, வளைந்து, மீண்டும் கீழிறங்கி வரவேண்டும். ஒலிப்பான் போன்ற உயர் அதிர்வெண் ஒலிகள் அவ்வாறு வளைவதில் வலுவிழந்துபோகும். தாழ்ந்த முழக்கங்கள் ஓரளவு எட்டிப் பார்க்கும். பின்கட்டுக்குச் செல்லச்செல்ல அவையும் தேய்ந்துவிடும்.

அரை மனை நிலத்தில் முற்றத்திற்கு எங்கே இடம்? கேள்வி நியாயமானதே. இருப்பினும் முற்றத்தின் அடிப்படையைச் சிறு வீட்டிலும் கையாளலாம். சாலைப்பக்கம் குளியலறை, படிக்கட்டு, சமையலறை ஆகியவற்றை வைத்து, படுக்கையறையையும் படிப்பறையையும் பின்புறம் தள்ளலாம். சாலைப்பக்க மாடத்திற்குத் துளையில்லாத கைப்பிடிச்சுவர் கட்டி, அம்மாடத்தின் உட்கூரையில் நார்ப்பலகை பொருத்தலாம்.

ஹாங்காங்கின் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றில் மற்றொரு முறையைக் காணலாம். இடைவெளியுடன் இரண்டு கண்ணாடிச் சாளரங்களை நிறுத்தி, வெளிச்சாளரத்தின் திறப்பை ஒரு புறமும் உட்சாளரத்தின் திறப்பை எதிர்ப்புறமும் அமைக்கின்றனர். காற்று வளைந்து உள்ளே வந்துவிடுகிறது. ஒலி நேர்வழி இல்லாமல் இடையில் மோதித் தளர்கிறது. முழுவதும் மூடிய சாளரத்தின் அமைதி இதில் கிட்டாது. திறந்த சாளரத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு இரைச்சல் குறையும்.

குளிர்நாட்டு வீடுகளைப் பார்த்து எல்லாவற்றையும் இறுக மூடிக் குளிரூட்டி பொருத்துவதே பலர் நாடும் வழி. குளிரூட்டியின் வெளிப்பெட்டி நம் அறையின் வெப்பத்தையும் தன் இரைச்சலையும் அடுத்த வீட்டுச் சாளரத்தின்மேல் கொட்டுகிறது. அவரும் சாளரத்தை மூடிக் குளிரூட்டி வாங்குவார். அவருடைய வெளிப்பெட்டி நம் சாளரத்தைப் பார்த்து நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. இரவில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த அறையில் விளக்கை ஏற்றுக. மூடிய கதவைச் சுற்றி ஒளி கசியும் இடங்களைக் குறித்துக்கொள்க. அவற்றுள் ஒலியும் நுழையும் இடங்கள் எவை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டின் அல்லது பள்ளியின் மேல்தளம் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதைக் கொத்தனார் ஒருவரிடம் கேட்டறிந்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து எழுதுக.

3. காலதர், சாளரம், பலகணி, சன்னல் ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை அகராதியின் துணையுடன் ஆராய்க.