கூடை பெருத்தால் லாபம் சிறுக்கும்

பரிசுக் கூடைத் தொழிலில் என் முதல் தீபாவளிக்கு நாற்பது மூங்கில் கூடைகள் வாங்கினேன். அகன்ற வாய், வளைந்த கைப்பிடி, பார்த்ததும் கையில் எடுக்கத் தோன்றும் அழகு. பொருள்களை உள்ளே வைத்தபோதுதான் கூடையில் பாதிகூட நிரம்பாதது தெரிந்தது. காகிதச் சுருளைத் திணித்தேன். அதுவும் போதாமல் கூடைக்கொரு முறுக்குப் பொட்டலம் கூடுதலாக வைத்தேன். கூரியர் கடைத் தராசு இரண்டு கிலோ காட்டியது. பில்லில் ஆறு கிலோவுக்குக் கட்டணம். நாற்பது கூடையும் விற்றுத் தீர்ந்தன, கையில்தான் காசு நிற்கவில்லை.

புதிதாக வருகிறவர்களில் பலர் தொடங்கும் இடம் இதுதான். கூடையை முதலில் வாங்கிவிட்டு, அதை நிரப்பப் பொருள் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் பொருள், பிறகு பெட்டி

மேஜையில் ஒரு தாளை விரித்து, கொடுக்கப்போகும் பொருள்களை நெருக்கமாக அடுக்குங்கள். சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, பக்கத்துக்கு அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவுதான் உங்கள் பெட்டி. கடையில் கேட்கும்போது உள்ளளவைக் கேளுங்கள். வாய் 12 அங்குலம் இருக்கும் கூடையின் அடிப்பகுதி 8 அங்குலம்தான் இருக்கக்கூடும். பொருள் உட்காருவது அடியில்.

கணக்கைப் பாருங்கள். 1000 ரூபாய்க் கூடையில் பொருள் 520, பெட்டி 130, நிரப்புத் தாளும் ரிப்பனும் அட்டையும் 40, கைக்கூலி 60, வெளி அட்டைப்பெட்டியும் உடைசலும் 30. செலவு 780, மிச்சம் 220. இதே பொருளைப் பெரிய கூடையில் வைத்தால் கூடை 180, நிரப்புச் செலவு 70 ஆகிறது. மிச்சம் 140. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றை அடைக்கவே போய்விட்டது. பெட்டியும் அலங்காரமும் சேர்ந்து விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

கூரியர் கணக்கு வேறு. எடை குறைவாக இருந்து இடம் அதிகம் பிடித்தால், நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்வார்கள். 40, 30, 25 அளவுள்ள கூடை ஆறு கிலோ. அதே பொருள் 30, 20, 12 அளவுப் பெட்டியில் அடங்கினால் ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. அப்போது தராசு காட்டும் இரண்டு கிலோவுக்கே கட்டணம். கைப்பிடி உயர்ந்த கூடைகளை உள்ளூரில் நேரில் கொடுக்கும் ஆர்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூருக்குத் தட்டையான மூடியுள்ள பெட்டியே நல்லது.

எந்த விசேஷத்துக்கு எது?

திருமணத் தாம்பூலத்துக்கும் வளைகாப்புக்கும் பனையோலைப் பெட்டிக்கு ஈடில்லை. புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டானில் நாலைந்து அங்குல அளவே அழகாக நிரம்பும். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுப் பக்கமும் நல்ல ஓலைப் பெட்டிகள் கிடைக்கும். ஆனால் ஓலைக்கு மழை ஆகாது. தீபாவளி வருவதோ ஐப்பசியில், அடைமழைக் காலம். அப்போது முடைய ஓலை காயாது, முடைந்து வைத்ததிலும் பூஞ்சை பிடிக்கும். ஆடியிலேயே முன்பணம் கொடுத்து, ஆவணி வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். பூச்சிக்குப் பயந்து நாப்தலீன் உருண்டை போடாதீர்கள். அந்த வாசனை முறுக்கில் ஏறும். சாய ஓலையாக இருந்தால், நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிறுவனங்களுக்கான தீபாவளி ஆர்டரில் அட்டைப் பெட்டியே கை கொடுக்கும். ஒரே அளவு, மேல்மேலாக அடுக்கலாம், மடித்து வைத்தால் இடமும் பிடிக்காது. நிறுவனத்தின் பெயரைப் பெட்டியில் அச்சடித்துவிட்டால் மிஞ்சியதை வேறு யாருக்கும் விற்க முடியாது. பெட்டியைப் பொதுவாக அச்சிட்டு, பெயரைச் சுற்றுப்பட்டையில் மட்டும் போடுங்கள்.

எவர்சில்வர் டப்பாவும் தூக்கும் விலை கூடியவை. ஆனாலும் வாங்குகிறவர் அவற்றைப் பாத்திரமாகவே மதிப்பார். அதனால் அந்த விலையைப் பொருள் கணக்கில் சேர்த்து, உள்ளே வைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். பலகாரம் தீர்ந்த பிறகும் அந்த வீட்டு அடுக்களையில் உங்கள் டப்பாவில் பருப்பு இருக்கும்.

அதிக லாபம் தருவது நீங்கள் விற்காத பெட்டிதான். சீர்வரிசைத் தட்டுகளைச் சொல்கிறேன். 11, 21, 51 என்று ஒற்றைப்படையில் கேட்பார்கள். நல்ல தட்டுகளாக 21 வாங்கி அலங்கரித்து வாடகைக்கு விடுங்கள். மூன்று நான்கு விசேஷத்தில் போட்ட முதல் திரும்பும்; அதன் பிறகு பூவுக்கும் கூலிக்கும் போக மீதி லாபம். திருப்பித் தரும்போது எண்ணி வாங்குங்கள்; உடைந்ததற்குப் பிடித்துக்கொள்ள ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கல், மணி, சரிகை வேலைகளைத் தட்டில் நிரந்தரமாக ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி செய்தால், ஒரே தட்டு இந்த வாரம் நிச்சயதார்த்தத்துக்கும் அடுத்த வாரம் வளைகாப்புக்கும் போகும்.

அடுக்குவதில் இருக்கிறது கைத்திறன்

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், நொறுங்குவது மேலே. பெட்டி ஆழமாக இருந்தால் அடியில் மடித்த அட்டை வைத்து மேடையாக்குங்கள். காகிதச் சுருள் பயணத்தில் அமுங்கிப் பொருள் சரிந்துவிடும். எல்லாப் பெயர்களும் ஒரே பக்கம் பார்க்கட்டும். நிறம் இரண்டு போதும், மூன்றாவது வந்தால் சந்தைக் கடை ஆகிவிடும். கறுப்பும் பொன்னும் நிறுவனப் பரிசுக்கு எடுப்பாக இருக்கலாம். வளைகாப்புக்குக் கறுப்பு ரிப்பன் கட்டினால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை.

உள்ளே வைப்பதற்கும் கதை வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், உடன்குடிக் கருப்பட்டி, மணப்பாறை முறுக்கு மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. ஓலைப் பெட்டியில் வைத்தால் அலங்காரமே தேவைப்படாது. கருப்பட்டி மட்டும் ஈரத்தை இழுத்துக் கசியும், தனியாக இறுக்கமான உறையில் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பெயர் பெற்றதுதான். ஆனால் அதிக நாள் தாங்காது என்பதால் தூரப் பயணக் கூடையில் வேண்டாம். எந்தத் தின்பண்டத்தையும் செய்தித்தாளில் சுற்றாதீர்கள்.

சட்டமும் வரியும்

பளபளக்கும் தாளைச் சுற்றி முடிச்சுப் போடுவது பழைய பழக்கம். செலோபேன் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய தடையில், இனிப்புப் பெட்டிமேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளும் அலங்காரத் தெர்மாகோலும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. பருத்தி வலைத்துணியோ, முடிச்சுப் போட்ட கதர்த் துண்டோ கட்டிப் பாருங்கள். அதுவும் ஒரு பரிசாகிவிடும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெவ்வேறு வரி விகிதப் பொருள்களை ஒரே விலையில் சேர்த்து விற்றால் அது கலப்பு வழங்கல். உள்ளே இருப்பதில் எதற்கு அதிக வரியோ அந்த விகிதமே முழுக் கூடைக்கும். சட்டமே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது, இனிப்பு, சாக்லேட், உலர்பழம், குளிர்பானம் எல்லாம் சேர்ந்த பொதியைத்தான். அழகுக்காக வைக்கும் ஒரு குளிர்பானப் பாட்டில் மொத்த வரியையும் தூக்கிவிடும். பட்டியலை முடிவுசெய்யும் முன் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பெட்டி அளவுகளை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி செய்து, விலைப்பட்டியல் அடிப்பதற்கு முன்னால், அதை உங்கள் வீட்டு முகவரிக்கே கூரியரில் அனுப்புங்கள். கட்டணச் சீட்டைப் பாருங்கள். பிரிக்கும்போது முறுக்கு முழுசாக இருக்கிறதா, ரிப்பன் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். என் நாற்பது மூங்கில் கூடைகளில் ஒன்றை நான் அப்படி அனுப்பிப் பார்த்திருந்தால், மீதி முப்பத்தொன்பதை வாங்கியிருக்கவே மாட்டேன்.