தார் பாலைவன எல்லை வேலியும் வீதிகளும்

வினா: பாலைவன எல்லையில் வேலி, வீதி அமைப்பதிலுள்ள இடர்ப்பாடுகள் மூன்றினை விளக்குக.

விடை:
இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோட்டின் ஒரு பகுதி ராஜஸ்தானின் தார் பாலைவனத்தினூடாகச் செல்கிறது. இங்கு முட்கம்பி வேலியின் பெரும்பகுதி 1990களில் அமைக்கப்பட்டது. 1965 இல் உருவான எல்லைப் பாதுகாப்புப் படை காவல் புரிகிறது.

1. மணல் நகர்வு: எமது வாவியின் முகத்துவாரத்தைக் கடலலை மணலால் அடைப்பதுபோல, ஜெய்சல்மேரில் காற்று மணற்குன்றுகளை நகர்த்தி வேலியையும் வீதியையும் மூடுகிறது.

2. போக்குவரத்து: வீதி மூடப்பட்டால் ரோந்து வாகனங்களும் குடிநீரும் காவலரண்களை அடைவது கடினம்.

3. மக்கள் வாழ்வு: வேலி எல்லைக்கோட்டுக்கு உட்புறமாகவே அமைகிறது. அப்பாலுள்ள நிலங்களுக்கு விவசாயிகள் குறித்த நேரத்தில் வாயிற்கதவினூடாகவே சென்று திரும்ப வேண்டும்.

கவனிக்க: "காற்று வீசும்" என்று மட்டும் எழுதினால் போதாது. காரணம், விளைவு இரண்டையும் எழுதுக.