மீண்டெழுந்த வனமும் மலைப்பாதையும்

மலைப்பாதையிற் செல்லுங்கால் இருமருங்குங் காணப்படும் வனம் ஆதிதொட்டு அவ்வாறே நின்றதென எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எல்லாவிடத்திற்கும் பொருந்துவதன்று என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்ப்சயர் மாநிலத்துக் காங்கமாகஸ் பெருந்தெருவைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

பதினேழாம் நூற்றாண்டிற் பெனக்கூக் மக்களின் தலைவராயிருந்த ஒருவரின் பெயரால் வழங்கும் இத்தெரு, லிங்கன், கொன்வே என்னும் ஊர்களை இணைப்பது. ஏறக்குறைய 34 மைல் நீளமுடையது. வெண்மலைத் தேசிய வனத்தை ஊடறுத்துச் செல்வது. இதன் உச்சி 2,855 அடி உயரமானது. அவ்வுச்சியின் கிழக்கே வீழும் மழைநீர் சாக்கோ நதியையும், மேற்கே வீழ்வது மெரிமாக் நதியையும் சென்றடையும்.

இந்நதிகளை நினைவிற் கொண்டாலன்றி வனத்தின் வரலாறு விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவியாபாரிகள் இம்மலைகளுக்குப் புகையிரதப் பாதைகள் அமைத்து, சாரல் சாரலாக மரங்களை வெட்டினர். எஞ்சிய கிளைகள் உலர்ந்து தீப்பற்றின. காப்பிழந்த மண்ணை மழை அரித்தது. மெரிமாக் கரையிலிருந்த நெசவாலைகளோ அந்நதியின் நீர்வலியை நம்பியவை. ஆகவே, மலையில் விளைந்த கேடு சமவெளியின் தொழிலையும் தாக்கும் என்னும் அச்சம் எழுந்தது.

1911ஆம் ஆண்டு நிறைவேறிய வீக்ஸ் சட்டம் இதற்குப் பரிகாரமாயிற்று. கலஞ் செல்லத்தக்க ஆறுகளின் தலைநீர்ப் பகுதிகளிலுள்ள நிலங்களைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்க அரசினர்க்கு அது அதிகாரம் அளித்தது. 1918இல் வெண்மலைத் தேசிய வனம் நிறுவப்பட்டது. தெருவோ 1959இலேதான் முழுமை பெற்றது.

இன்று இவ்வழியே மோட்டார் வண்டி செலுத்துவோர் சிலவற்றை அறிதல் நன்று. இடைவழியிற் பெற்றோல் கிடையாது. புறப்படுமுன் நிரப்பிக்கொள்ளல் வேண்டும். இறக்கத்திலே தாழ்ந்த கியரிற் செல்லல் வேண்டும். பிறேக்கை இடையறாது அழுத்தின் அது சூடேறி வலியிழக்கும். அந்திப்பொழுதில் மூஸ் என்னும் பேருருவ மான்கள் தெருவைக் கடக்குமாதலின் விரைவு தகாது.

ஒக்டோபர் தொடக்கத்தில் இலைகளின் பச்சையம் குன்ற, மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூணும். அக்காட்சிக்காகவே பல்லாயிரவர் இங்கு வருகின்றனர். ஒரு காலத்திற் கரிந்த மரக்குற்றிகள் நின்ற சாரல்களே இவை. மரங்கள் தாமாகவே முளைத்தன என்பது மெய். ஆயின், அவை வளர்வதற்கு வேண்டிய நிலத்தையும் காலத்தையும் அளித்தது மக்கள் இயற்றிய சட்டமாகும். புவியியல் பயிலும் நம் மாணவர் மலையையும் வனத்தையும் நதியையும் தனித்தனியே கல்லாது, ஒன்றன் கேடு மற்றொன்றைத் தொடருமாற்றையும் சேர்த்தே கற்பாராக.