வட்டுப் பிம்பமா, கோப்புறையா? தோட்டத்து டிவிடிகளைக் காப்பது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும், நிலம் கைமாறியதாலும் வேலை குறைந்ததாலும், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் முதலிய ஊர்களின் தாமான் குடியிருப்புகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் குடிபெயர்ந்துவிட்டன. லயத்து வீடுகள் மறைந்த இடங்களில், அந்த வாழ்வின் அசையும் காட்சிகளாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் உள்ளூர் ஒளிப்பதிவாளர்கள் முதலில் விசிடியிலும் பின்னர் டிவிடியிலும் பதிந்து கொடுத்த திருமணங்களும் தீமிதித் திருவிழாக்களும் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்களுமே ஆகும். அவ்வாறு எழுதப்பட்ட வட்டுகளில் தரவைத் தாங்குவது கரிமச் சாயத்தாலான மெல்லிய படலம் என்பதாலும், வெப்பமும் ஈரப்பதமும் அதன் சிதைவை விரைவுபடுத்தும் என்பதாலும், இவற்றைக் கணினிக்கு மாற்றும் பணியைத் தள்ளிப்போட இயலாது.

மாற்றுவதற்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. வட்டின் தரவுப் பரப்பு முழுவதையும், 2048 பைட்டுகள் கொண்ட செக்டர் என்னும் சிறு கூறுகளாக வரிசை மாறாமல் படித்து, ஐஎஸ்ஓ என்ற பின்னொட்டுடைய ஒரே கோப்பாகச் சேமிப்பது வட்டுப் பிம்பம். வட்டினுள் இருக்கும் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையை அதன் கோப்புகளோடு அப்படியே நகலெடுப்பது கோப்புறை வடிவம். இவ்விரண்டைப் பற்றியும் நிலவும் சில நம்பிக்கைகள், காப்பாற்ற வந்தவர்களின் கையாலேயே காட்சிகள் இழக்கப்படக் காரணமாகின்றன.

நம்பிக்கை 1: பிம்பத்தில் படத்தின் தரம் உயர்வாக இருக்கும்; அது இடத்தையும் மிச்சப்படுத்தும்.

உண்மை: இரு வடிவங்களிலும் இருப்பது எம்பெக்-2 என்னும் முறையில் பதிவான அதே காட்சிதான், எதுவும் மறுபடி சுருக்கப்படுவதில்லை என்பதால் தரத்தில் அணுவளவும் வேறுபாடு இல்லை. ஐஎஸ்ஓ என்பது சுருக்கப்பட்ட பொதி அன்று, 4.7 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒற்றை அடுக்கு வட்டு நிறைந்திருந்தால் பிம்பமும் ஏறக்குறைய அதே அளவில்தான் அமையும். தரம் குறைவது, காட்சியை எம்பி4 போன்ற வடிவத்திற்கு மாற்றும்போது மீண்டும் சுருக்கப்படுவதாலேயே; அத்தகைய கோப்பு பார்ப்பதற்கு வசதியானதே தவிர, மூலத்தின் இடத்தை அதற்குக் கொடுக்கலாகாது.

நம்பிக்கை 2: கோப்புறையில் பெரிய கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும், சிறியவை வீண்.

உண்மை: வீடியோ_டிஎஸ் கோப்புறையில் மூவகைக் கோப்புகள் உள்ளன. விஓபி கோப்புகள் படத்தையும் ஒலியையும் மெனுத் திரைகளையும் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட் அளவைத் தாண்டாதவாறு பகுக்கப்பட்டிருக்கும். ஐஎஃப்ஓ கோப்புகள், எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எந்த மெனு எதற்கு இட்டுச்செல்கிறது என்ற குறிப்புகளைக் கொண்டவை. பியுபி கோப்புகள் ஐஎஃப்ஓவின் நகல்கள். ஒரே கீறல் இரண்டையும் சேர்த்து அழித்துவிடாதிருக்க, அவை வட்டில் சற்று விலகிய இடத்தில் எழுதப்படுகின்றன. சில கிலோபைட்டுகளே உள்ள இந்தச் சிறு கோப்புகளை விட்டுவிட்டால், மெனுவும் அத்தியாயப் பிரிவுகளும் போய், ஒரே விழா தொடர்பற்ற துண்டுகளாகச் சிதறிவிடும். முழுக் கோப்புறையும் பெயர் மாறாமல் எடுக்கப்பட்டால், மெனு உட்பட எதுவும் குறையாது.

நம்பிக்கை 3: எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைப்பது ஆபத்து, ஓர் இடம் கெட்டால் அனைத்தும் கெடும்.

உண்மை: நடைமுறை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பிம்பத்தின் நடுவே சில செக்டர்கள் பழுதானால், அந்த இடத்திற்குரிய சில நொடிக் காட்சி மட்டுமே குலையும். மற்றவை தொடர்ந்து ஓடும். பழுதடைந்த வட்டிலிருந்து கோப்புறையாக நகலெடுக்கும்போதோ, படிக்க இயலாத ஒரு செக்டரைச் சந்தித்ததும் சாதாரண நகலெடுப்பு அந்தக் கோப்பையே கைவிட்டுவிடும். இரண்டு மணி நேரக் காட்சி நிறைந்த வட்டில் ஒரு முழு விஓபி கோப்பு ஏறக்குறைய அரை மணி நேரத்தைத் தாங்குகிறது என்பதால், ஒரு கீறலுக்காகத் தாலி கட்டும் நிகழ்ச்சி முழுவதும் இழக்கப்படலாம்.

பிம்பம் எடுக்கும் முறையில் இதற்குத் தீர்வு உண்டு. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் படித்துவிட்டு, படிக்க இயலாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் திரும்புகிறது. ஒரு டிவிடி இயக்கியால் படிக்க முடியாத செக்டரை மற்றோர் இயக்கி படித்துவிடுவது உண்டு என்பதால், அதே பிம்பத்தையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு வேறொரு கணினியில் விடுபட்டவற்றை நிரப்பலாம். பழைய வட்டுகளுக்குப் பிம்பத்தைப் பரிந்துரைப்பதற்கான முதன்மைக் காரணம் இதுவே.

நம்பிக்கை 4: எந்த வட்டாக இருந்தாலும் ஐஎஸ்ஓவாக எடுத்துவிடலாம்.

உண்மை: டிவிடிக்குப் பொருந்துவது விசிடிக்குப் பொருந்தாது. விசிடியில் காட்சி தாங்கும் செக்டர் ஒவ்வொன்றிலும் 2048 அன்று, 2324 பைட்டுகள் தரவு உண்டு. அக்காட்சிகள் தனித் தடங்களில் இருப்பதால், ஐஎஸ்ஓவாக எடுக்கும்போது அவை முழுமையாக அடங்குவதில்லை. விசிடிக்கு உரியது பின், க்யூ என்ற இணைக்கோப்பு வடிவம். அதில் முதற்கோப்பு செக்டரின் 2352 பைட்டுகளையும் அப்படியே சேமிக்கிறது, இரண்டாவது தடங்களின் எல்லைகளைக் குறிக்கிறது. அதேபோல், வீட்டுப் பதிவுக்கருவியில் பதிந்து, இறுதிப்படுத்தாமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) விடப்பட்ட வட்டைக் கணினி வெற்று வட்டாகக் காட்டக்கூடும். அதைக் குப்பையில் எறியாமல், அதே வகைப் பதிவுக்கருவியில் இறுதிப்படுத்திய பின்னரே நகலெடுக்க முயல வேண்டும்.

நம்பிக்கை 5: ஐஎஸ்ஓ பென்டிரைவில் ஏறாது, தொலைக்காட்சியில் ஓடாது, ஆகவே அது பயனற்றது.

உண்மை: இது பிம்பத்தின் குறை அன்று. எஃப்ஏடி32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்ட பென்டிரைவ் 4 ஜிகாபைட்டைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்தால் அந்தத் தடை நீங்கிவிடும். விஎல்சி இயக்கி ஐஎஸ்ஓவை நேரடியாக ஓட்டும். விண்டோஸ் 8 முதல் வந்த பதிப்புகள் அதைத் திறந்து உண்மையான வட்டைப் போலவே காட்டும். தொலைக்காட்சிகள் பலவற்றில் ஐஎஸ்ஓ ஓடுவதில்லை என்பது மெய்யே. உறவினர்களுக்குக் கொடுக்க அதிலிருந்து எம்பி4 படி எடுத்துக்கொள்ளலாம். காப்பதற்கு ஒரு வடிவமும் பார்ப்பதற்கு ஒரு வடிவமும் என்று பிரித்துக்கொள்வதே முறை.

நம்பிக்கை 6: ஒருமுறை கணினியில் ஏற்றியாயிற்று, இனி வட்டு எதற்கு?

உண்மை: நகல் பிழையின்றி நிலைக்கிறதா என்பதை அறியச் சரிபார்ப்புத் தொகை தேவை. ஷா-256 போன்ற கணிப்புமுறை, கோப்பு முழுவதிலிருந்தும் ஒரு குறியீட்டு வரிசையை உருவாக்குகிறது. பிற்காலத்தில் மீண்டும் கணக்கிட்டு அதே வரிசை வந்தால், ஒரு பிட் கூட மாறவில்லை என உறுதியாகக் கொள்ளலாம். பிம்பத்திற்கு ஒரே தொகை போதும். கோப்புறையில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வேண்டும். அதனுடன், மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற நெறியைப் பின்பற்றுவதும், மூல வட்டை நிழலும் உலர்வும் உள்ள இடத்தில் வைத்திருப்பதும் அவசியமாகும்.

ஆகவே, நல்ல நிலையிலுள்ள டிவிடிக்கு இரு வடிவங்களும் காட்சியளவில் சமமானவை. முழுமையாக எடுக்கப்பட்ட கோப்புறையை ஏற்கெனவே வைத்திருப்போர் கவலைப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குவோர் டிவிடியை ஐஎஸ்ஓவாகவும் விசிடியைப் பின், க்யூ வடிவிலும் எடுப்பதே பாதுகாப்பானது. எந்த வடிவமும் தானாகச் சொல்லாத ஒன்றும் உண்டு: காட்சியில் வரும் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆண்டு, விழா, முகங்களுக்கு உரியவர்களின் பெயர்கள். அவற்றை அடையாளம் காட்டக்கூடிய முதியோர் இருக்கும்போதே ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதிப் பிம்பத்தோடு சேர்த்துவைக்க வேண்டும். மக்கள் முற்றாக வெளியேறிவிட்ட தோட்டங்களின் வட்டுகளிலிருந்து இப்பணி தொடங்கப்பட வேண்டும், ஏனெனில் அவற்றை மறுபடி படம்பிடிக்க எவராலும் இயலாது.