அழைப்பிதழில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றிருந்தால் என்ன உடுத்துவது?

அலுவலக விருந்துக்கு அழைப்பு வரும். கீழே உடை பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி. பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு முழிக்காமல் இதைப் படியுங்கள்.

1. 'பிளாக் டை' என்றால் கறுப்பு நீள டை வாங்க ஓடாதீர்கள். டின்னர் ஜாக்கெட்டும் கழுத்தில் கறுப்பு 'போ' டையும் என்று அர்த்தம். வாடகைக்கு எடுங்கள், அடிக்கடி தேவைப்படாது.

2. 'லவுஞ்ச் சூட்' என்றால் வழக்கமான கோட், டை போதும். பெயரை நம்பி வீட்டு உடையில் போய் நிற்காதீர்கள்.

3. 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால் காலர் வைத்த சட்டை, காட்டன் பேன்ட், ஷூ. டை வேண்டாம். ஆனால் சட்டையை இஸ்திரி போடுங்கள். கசங்கியிருந்தால் 'ஸ்மார்ட்' போய் 'கேஷுவல்' மட்டும் மிஞ்சும். ஜீன்ஸை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள். கிழிசல் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

4. பெண்களுக்குக் கவலை குறைவு. நல்ல பட்டுப்புடவை 'பிளாக் டை' விருந்துக்கும் பொருந்தும்.

5. 'நேஷனல் டிரஸ்' என்றும் சேர்த்திருந்தால் ஆண்கள் பந்த்கலா (கழுத்து மூடிய கோட்) அணியலாம். டை கட்டும் வேலை மிச்சம்.

6. சந்தேகமா? அழைத்தவருக்கே போன் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு படி கூடுதலாகவே உடுத்துங்கள். போட்ட கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டலாம். போடாத கோட்டுக்கு அங்கே எங்கே போவீர்கள்?