பெயர் எழுதும் கடமை
(பள்ளி மேலாண்மைக் குழுவும் வாக்காளர் பட்டியலும்)

முன்னுரை

ஆர்க்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் அமைந்த பழைய ஊர் திமிரி. 1751இல் ஆர்க்காட்டைக் கைப்பற்றிய கிளைவின் படை, திமிரிக் கோட்டையையும் நாடிச் சென்றதை வரலாறு கூறும். அன்று ஊரின் நல்வாழ்வும் தாழ்வும் கோட்டையைப் பிடித்தவர் கையில் இருந்தன. இன்று அவை பட்டியலில் எழுதப்பெற்ற பெயர்களின் கையில் உள்ளன. அத்தகைய பட்டியல்கள் இரண்டு. ஒன்று வாக்காளர் பட்டியல். மற்றொன்று ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழு. இவ்விரண்டிலும் நம் மக்களின் இடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடவோலை முதல் போர்டு பள்ளி வரை

ஊர்ப் பணிக்கு ஊராரே ஆளைத் தேர்தல் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரிய உறுப்பினராக நிற்போர்க்கு வயது வரம்பு உண்டு. நிலமும் சொந்த மனையும் வேண்டும். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் நிற்றல் கூடாது. பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்கும் இந்நெறி இன்றைக்கும் ஏற்றதே. ஆயினும் நிலமற்றோர்க்கு அதில் இடமில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தல வாரியச் சட்டத்தின் வழியே ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. அவை நடத்திய பள்ளிகளையே நம் பெரியோர் ‘போர்டு ஸ்கூல்’ என வழங்கினர். அக்காலத்தில் வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கும் சொத்துடையோர்க்குமே உரியதாயிருந்தது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு எனத் தீர்மானித்தது. எனினும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. ஏழைத் தாய் தன் பிள்ளை பயிலும் பள்ளியைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை பெற, அரசியலமைப்புச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெயரின்றி உரிமையில்லை

அச்சட்டம் வழங்கிய உரிமையும் தானாக வந்து சேர்வதன்று. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாது ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே பதிந்தனர். பெயரின்றிப் பதிதல் செல்லாது என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாது போயினர். சட்டம் கொடுத்ததை நாணமும் அறியாமையும் பறித்தன.

இன்று நம் பகுதியில் இடர் வேறு வடிவில் வருகின்றது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலகங்களை நம்பி வாழ்வோர் வேலைக்கேற்ப வாடகை வீட்டை மாற்றுவர்; பட்டியலில் முகவரி பழையதாகவே நிற்கும். மேலும் ஒரே பெண்ணின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ‘ஃபாத்திமா’ என்றும், குடும்ப அட்டையில் ‘பாத்திமா’ என்றும், வாக்காளர் பட்டியலில் ‘பாத்திமாபீ’ என்றும் நிற்பதுண்டு. அரபு ஒலிகளைத் தமிழில் எழுதுவதில் நேரும் இம்மாற்றத்தை மொழியியல் மாணவர் சுவைத்துப் படிக்கலாம். உரிமையிழந்து நிற்கும் தாய்க்கு அஃது எழுத்துப் பிழை மட்டுமன்று.

2025 நவம்பர் 4ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, கணக்கீட்டுப் படிவத்தை நிரப்பித் தராதோர் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. ‘சென்ற தேர்தலில் வாக்களித்தோமே’ என்னும் நம்பிக்கை போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பள்ளியில் பெற்றோர்க்குள்ள இடம்

இனி இரண்டாவது பட்டியலைக் காண்போம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், மானியம் செலவாகும் வகையைக் கவனித்தல் ஆகியவை அதன் பணிகள். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 20 உறுப்பினரோடு திருத்தியமைக்கப்பட்டன. அவருள் 15 பேர் பெற்றோர். தலைமை ஒரு தாய்க்கே உரியது. 2024இல் உறுப்பினர் தொகை 24 ஆகி, முன்னாள் மாணவர்க்கும் இடம் கிடைத்தது.

உத்திரமேரூரில் நிலமுடையார்க்கே இருந்த இடம், இன்று நிலமற்ற தோல் தொழிலாளியின் மனைவிக்கும் உண்டு. எனினும் கூட்டத்திற்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அழைப்புத் தாள் தமிழில் வரும். உருது எழுத்து மட்டும் அறிந்த தாய் அதனை மடித்து வைத்துவிடுவாள். ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளதும், மாணவியர்க்குக் கழிப்பறை போதாததும் வீட்டில் பேசப்படும், கூட்டத்தில் பேசப்படா. பேசாத குறை பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாத குறையைத் தீர்க்குமாறு கேட்பதும் அரிது.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் நிலை வேறு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றில் இக்குழுவிற்கு ஆலோசனை கூறும் பணியை மட்டுமே தந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நிருவாக உரிமை நமக்குக் கிடைத்த அமானிதம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகப் பெற்றோரின் கருத்தைக் கேளாதிருத்தல் முறையாகுமா? கலந்தாலோசனையின் பெயராலேயே ‘அஷ்ஷூரா’ என ஓர் அத்தியாயத்தைத் திருமறையில் உடைய சமுதாயம் நாம் என்பதைப் பெரியோர்க்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

மாணவர் செய்யத்தக்கன

முதலாவது, தம் பெயரைப் பதிதல். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆம் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு சனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாளாயிருந்தது. 2022 முதல் சனவரி, ஏப்பிரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்களாயின. 17 வயது நிறைந்தவர் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். புதிதாகப் பதிய 6ஆம் படிவம். முகவரி மாற்றத்திற்கும் பிழை திருத்தத்திற்கும் 8ஆம் படிவம். இவற்றை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தரலாம்.

இரண்டாவது, பிறர் பெயரைப் பார்த்தல். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியலும் சட்டமன்றப் பட்டியலைக் கொண்டே தயாராகின்றது. ஆதலின் ஒரு பட்டியலில் விடுபட்டவர், திமிரிப் பேரூராட்சியின் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் இழப்பர். தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் தம் தெருவின் பட்டியலை ஒரு மாலைப் பொழுதில் வாசித்துவிடலாம். யார் பெயர் இல்லை, எது பிழையாக உள்ளது எனக் குறித்து உரியவரிடம் கூறலாம்.

மூன்றாவது, செய்தியைச் சேர்த்தல். பள்ளியிலிருந்து வரும் தாளைத் தாய்க்கு உருதுவில் எடுத்துரைப்பதும், அவர் சொல்ல விரும்புவதைத் தமிழில் எழுதித் தருவதும் தமிழ்த் துறை மாணவர் ஆற்றத்தக்க தொண்டு. யாருக்கு வாக்களிப்பது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடல் வேண்டும். அஃது அவருடைய உரிமை.

முடிவுரை

1919இல் வாணியம்பாடியிலும் 1965இல் மேல்விஷாரத்திலும் கல்லூரி கண்ட முன்னோர், பின்வரும் தலைமுறை எழுத்தறிய வேண்டும் என்றே பொருளும் உழைப்பும் நல்கினர். அவ்வெழுத்தறிவு பட்டம் பெறுவதோடு நின்றுவிடுதல் தகாது. எழுதத் தெரியாத அண்டை வீட்டுத் தாயின் பெயரைப் பிழையின்றி எழுதிக் கொடுத்து, பள்ளிக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசக் கண்டால், முன்னோர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதி தீர்ந்தது எனக் கொள்வோம்.